சிகார் கட்டர்: எதை வாங்கறது, எப்படி வெட்டறது (முழு வழிகாட்டி)

கையால உருட்டின சிகார் வாங்குற நிறைய பேர் காசு முழுக்க சிகார்லயே போட்டுட்டு, கட்டர்னு வரும்போது மட்டும் கடைல ஓசில குடுக்குற பிளாஸ்டிக் துண்டையே வச்சு ஓட்டிடறாங்க. அப்புறம் கால்வாசி குடிக்கறதுக்குள்ள மேல இலை சுருள் சுருளா பிரிஞ்சு வரும், வாயெல்லாம் தூளா இருக்கும், இல்லன்னா இழுக்க இழுக்க புகையே வராது, உடனே "இந்த பிராண்டே வேஸ்ட்டுப்பா"ன்னு ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க. நான் பாத்த வரைக்கும் இதுல முக்கால்வாசி சமயம் சிகார் மேல ஒரு குறையும் இருக்காது, வெட்டினதுலதான் இருக்கும். தேவையானத விட அதிகமா வெட்டியிருப்பாங்க, இல்ல மழுங்கின பிளேடால வெட்டியிருப்பாங்க, ரெண்டுல ஒண்ணு. இந்த ரெண்டையும் சரி பண்ணிட்டா சாதாரண கட்டரே போதும், ஆயிரக்கணக்குல செலவு பண்ணணும்னு அவசியமே இல்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். சிகார் புகைய நெஞ்சுக்குள்ள இழுக்கறதில்ல, வாயிலயே வச்சு விடறதுதான், ஆனா அதனால அது பாதுகாப்பானதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்க்கு சிகாரும் காரணம்தான், ஒரு பெரிய சிகார்ல இருக்கிற நிகோடின் ஒரு சிகரெட்டுல இருக்கறத விட பல மடங்கு. இது ஏற்கனவே குடிக்கிற, வயசு வந்த ஆளுங்களுக்காக எழுதினது. பழக்கம் இல்லாதவங்க இத படிச்சுட்டு புதுசா ஆரம்பிக்க வேணாம்.

எதுக்கு வெட்டணும், எங்க வெட்டணும்

நம்ம உறையூர் சுருட்டு மாதிரி சுருட்டுல பொதுவா ரெண்டு முனையும் திறந்தே இருக்கும், எடுத்தமா பத்தவச்சமான்னு போயிடலாம். கியூபா, டொமினிகன் ரிபப்ளிக், நிகரகுவா, ஹோண்டுராஸ்னு அந்தப் பக்கத்துல இருந்து வர்ற கையால உருட்டின சிகார் அப்படி இல்ல. பத்தவைக்கிற பக்கம் திறந்திருக்கும், வாயில வைக்கிற பக்கம் மூடியிருக்கும். பேப்பர் வளையம் எந்தப் பக்கம் கிட்டக்க இருக்கோ அதுதான் தலைப்பக்கம், வெட்டு அங்கதான்.

கியூபால செய்யற ஹவானா சிகாரையே எடுத்துக்குவோம், மத்ததுக்கும் இதே கணக்குதான். உள்ள நீளவாக்குல மடிச்சு வச்ச இலைக்கொத்து, அத கட்டிப் பிடிக்க ஒரு இலை, அதுக்கு வெளிய அழகான ரேப்பர் இலை, அதாவது மேல் இலை. இந்த மேல் இலை பினார் டெல் ரியோ மாகாணத்துல வுவெல்டா அபாஹோன்ற பகுதில, வெயில் நேரா படாம துணிப்பந்தல் போட்டு அதுக்கு அடியில வளக்கறது, அதனாலதான் அவ்வளவு மெல்லிசா, நரம்பே தெரியாம வழவழன்னு இருக்கு. உருட்டுறவர் இத சிகாரோட கால்ல, அதாவது பத்தவைக்கிற முனையில ஆரம்பிச்சு சாய்வா சுத்திக்கிட்டே தலை வரைக்கும் கொண்டு வந்து, அங்க முடிச்சு, அதே இலையில இருந்து வெட்டின ஒரு சின்ன வட்டத் துண்ட வாசனை இல்லாத தாவரப் பசைய தொட்டு தலைமேல ஒட்டிடுவார். அதுதான் தொப்பி. மொத்த மேல் இலையும் பிரியாம நிக்கறது அந்த தொப்பி புடிச்சிருக்கற புடியிலதான்.

இப்ப சிகார ஒரு விளக்கு வெளிச்சத்துல, பக்கவாட்டா வெளிச்சம் விழற மாதிரி பிடிச்சு மெதுவா திருப்பிப் பாருங்க. தலைக்கு கொஞ்சம் கீழ மெல்லிசா ஒரு கோடு சுத்தி வரும், இலை மேல இலை முடியற இடம். ஹவானால ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு மூணு வளையம் கூட தெரியும். கண்ணுக்குத் தெரியலன்னா கட்டைவிரல் நகத்தால லேசா வருடினா ஒரு சின்ன படி தட்டும். அந்த கடைசி கோட்டுக்கு கீழ பிளேடு போகவே கூடாது. தலை உருண்டையா வளைஞ்சு அப்புறம் நேரா இறங்கும்ல, அந்த வளைவு நேராகிற இடத்த தோள்னு சொல்லுவாங்க, தோளுக்கு மேல நிக்கணும். அளவுல சொல்லணும்னா நுனியில இருந்து சுமார் 1.5 முதல் 2 மி.மீ, அவ்வளவுதான். வெட்டி முடிச்ச பிறகு தொப்பியோட ஓரம் ஒரு வளையமா சிகார்லயே மிச்சம் இருக்கணும், அந்த வளையம் இருந்தா கடைசி வரைக்கும் மேல் இலை பிரியாது.

தடிமன் கணக்கு தெரியாம கட்டர் வாங்காதீங்க

சிகார் தடிமன ரிங் கேஜ்னு ஒரு எண்ணால சொல்லுவாங்க. ஒரு இஞ்சை 64 பங்கா பிரிச்சு அதுல எத்தனை பங்குன்றதுதான் அந்த எண். 50 ரிங்னா 64-ல 50 பங்கு, கிட்டத்தட்ட 20 மி.மீ விட்டம். பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4ன்ற கியூபா சிகார் இந்த 50 ரிங், நீளம் 124 மி.மீ. ரோமியோ ஹூலியேத்தா சர்ச்சில் 47 ரிங், கோஹிபா லான்செரோ வெறும் 38 ரிங், அதாவது 15 மி.மீ சொச்சம்தான், அதே கோஹிபால பெஹிகே 56 பேருக்கேத்த மாதிரி 56 ரிங். நிகரகுவாக்காரங்க 60 ரிங் எல்லாம் சர்வ சாதாரணமா போடறாங்க, அது 24 மி.மீ கிட்ட வந்துடும்.

கட்டர் பெட்டிலயோ விளம்பரத்துலயோ எத்தனை ரிங் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும். பழைய மாடல் நிறைய 54-ஓட நின்னுடும், இப்ப வர்றது 60, 64 வரைக்கும் போகுது. நீங்க எப்பவும் மெல்லிசுதான் குடிப்பீங்கன்னாலும் 60 தாங்கறது வாங்கறது நல்லது, பெரிய ஓட்டையில சின்ன சிகார வெட்டலாம், சின்ன ஓட்டையில பெரிய சிகார திணிச்சா வெட்டு கோணலா போகும், ஓரத்துல இலையும் கிழியும்.

எந்த மாதிரி கட்டர்

ரெட்டை பிளேடு கில்லட்டின். முதல் கட்டர் வாங்கறவங்களுக்கு நான் இத தவிர வேற எதையும் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கத்துல இருந்தும் பிளேடு ஒரே நேரத்துல வந்து நடுவுல சந்திக்கும், அதனால சிகார் ஒரு பக்கமா நசுங்கறதில்ல. ஒத்தை பிளேடு கில்லட்டின்ல என்ன ஆகும்னா பிளேடு ஒரு பக்கம் வெட்டிக்கிட்டே வர்றப்ப மறுபக்கம் சிகார் பிளாஸ்டிக் சுவர்ல அழுந்தும், பிளேடு கடைசியா வெளிய வர்ற இடத்துல இலைய வெட்டாம இழுத்து கிழிச்சிடும். மழுங்கின அருவாமணையில பழுத்த தக்காளிய நறுக்கினா எப்படி நசுங்கிட்டு அப்புறம் வெட்டுமோ அதே கதைதான். ஓசில வர்றது, விளம்பரத்துக்கு குடுக்கறது எல்லாம் பெரும்பாலும் இந்த ஒத்தை பிளேடுதான்.

ரெட்டை பிளேடுல ஒரு நல்ல வகை இருக்கு, ஓட்டையோட ஒரு பக்கம் அடைச்சிருக்கும், பின்பக்கம் ஒரு தகடு. சிகார உள்ள விட்டா தலை அந்த தகட்டுல முட்டி நிக்கும், எப்ப வெட்டினாலும் சுமார் 2 மி.மீக்கு மேல போகாது. கை நடுங்குறவங்க, புதுசா ஆரம்பிக்கறவங்க, வீட்டுக்கு வர்றவங்க கையில எல்லாம் கட்டர குடுக்கறவங்க இத வாங்கிடலாம். ஒரே குறை, கூர்தலை சிகாருக்கு இது ஒத்துவராது, கூரான முனையில 2 மி.மீ வெட்டினா ஓட்டை ரொம்ப சின்னதா இருக்கும்.

வி-கட். இது தலைய சீவித் தள்ளாது, நடுவுல ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டிவிடும், ரெண்டு பக்கமும் தொப்பி அப்படியே இருக்கும். புகை ஒரு இடத்துல குவிஞ்சு நாக்குல விழும், அந்த சுவை புடிச்சவங்க திரும்ப நேர்வெட்டுக்கு வரமாட்டாங்க. தூளும் வாய்க்கு கம்மியாத்தான் வரும். கோலிப்ரியோட வி-கட் ஆழமா வெட்டறதுக்கு பேர் போனது, 50 ரிங்குக்கு மேல உள்ளதுக்கு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மட்டமான வி-கட் வாங்கறது மாதிரி காச வீணாக்குற வேலை வேற இல்லைங்க, வளைஞ்ச பிளேடு கூர்மையா இல்லன்னா நடுவுல இருக்குற இலைக்கொத்த பிச்சு எடுத்துடும், அப்புறம் அத எந்த கட்டராலயும் சரி பண்ண முடியாது. கில்லட்டின்ல மலிவு வாங்கினா கூட சமாளிக்கலாம், வி-கட்ல முடியாது. மெல்லிசான லான்செரோ, கொரோனான்ற சின்ன சைஸ் சிகாருக்கெல்லாம் ஆழமான வி-கட் போடாதீங்க, பக்கவாட்டுல பிளந்துக்கும்.

பஞ்ச். சாவிக்கொத்துல மாட்டிக்கற அளவுக்கு சின்ன குழாய், முனை கூர்மையா இருக்கும், தலை நடுவுல வட்டமா ஒரு துளை போடும். 7, 9, 11 மி.மீ மாதிரி அளவுல வருது. இதுல தொப்பியோட ஓரத்த தொடறதே இல்ல, அதனால இலை பிரியற பயமே கிடையாது, பாக்கெட்டுல கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பரப்பளவு கணக்க பாருங்க. 8 மி.மீ துளைன்னா சுமார் 50 சதுர மி.மீ, அதே சிகார நேர்வெட்டா 14 மி.மீ அகலத்துக்கு திறந்தா 154 சதுர மி.மீ, மூணு மடங்கு. அவ்வளவு சின்ன வாசல் வழியா மொத்த புகையும் வரும்போது இழுக்கறது கனமாகும், பாதிக்கு மேல போனா தார் அங்கயே சேந்து கசக்கும், ஈரமா கருப்பா துளை ஓரத்துல நிக்கறத கண்ணாலயே பாக்கலாம். லூசா உருட்டின, இழுத்தா சும்மா காத்து மாதிரி வர்ற சிகாருக்கு பஞ்ச் அருமையா செட் ஆகும். இறுக்கமா உருட்டினதுக்கு வேணாம், கூர்தலைக்கு முடியவே முடியாது.

கத்தரி. சிகாருக்குன்னே வளைஞ்ச வாயோட செஞ்ச கத்தரி. ஜெர்மனில ஜோலிங்கன் கத்தி, கத்தரிக்கு பேர் போன ஊரு, அங்க செஞ்ச நல்ல கத்தரி ஒண்ணு ஆயுசுக்கும் வரும். எங்க வெட்டறோம்னு கண்ணால பாத்துக்கிட்டே வெட்டலாம், எந்த தடிமனும் போகும். ஆனா ரெண்டு கையும் நிதானமா இருக்கணும், கோணல் ஆகறதுக்கு வாய்ப்பு அதிகம், பாக்கெட்ல வச்சுட்டு திரியவும் முடியாது. வீட்டு மேஜைல வைக்கறதுக்கு ஓகே.

பல்லால கடிக்கறது, பேனா முனையால குத்தறது, தீக்குச்சிய சொருகறது இதெல்லாம் கேட்டீங்கன்னா, வின்ஸ்டன் சர்ச்சில் கடிகார சங்கிலில கட்டர் மாட்டியிருந்தும் நீளமான தீக்குச்சியாலதான் தலைய குத்தி துளை போடுவாராம். அவர் பாதி நேரம் அணைஞ்ச சிகாரத்தான் வாயில வச்சிருப்பார்ன்றதும் சேத்து சொல்லணும். குத்தும்போது உள்ள இருக்கற இலை தள்ளி இறுகிடும், துளைய சுத்தி கட்டி கட்டுது, புகை ஒரே கோட்டுல சூடா நாக்குல அடிக்கும். கட்டரே கைல இல்லன்னா ஒரு நல்ல கூர்மையான சின்னக் கத்திய எடுத்து தொப்பி கோட்டுக்கு மேல சுத்தி சுத்தி லேசா கீறி, அந்த மூடிய மட்டும் விரலால எடுத்துடுங்க, கடிக்கறத விட ஆயிரம் மடங்கு மேல்.

கடைல நின்னு பாத்து வாங்கறது

பேரப் பாக்காம கட்டர கையில வாங்குங்க. மூடி திறந்து மூடி திறந்து பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு விசைல வரணும், ஒரு பக்கம் முன்னாடி ஒரு பக்கம் பின்னாடின்னு வந்தா வச்சிடுங்க. பாதி மூடின நிலையில பிளேட விரல்நகத்தால பக்கவாட்டா லேசா ஆட்டிப்பாருங்க, கூர்ப்பக்கம் கை போகாம பாத்துக்கங்க, கடகடன்னு ஆடிச்சுன்னா வெட்டும்போது ரெண்டு பிளேடும் ஒண்ண விட்டு ஒண்ணு விலகும், நடுவுல ஒரு நார் வெட்டாம தொங்கும். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சு மெதுவா மூடுங்க. பிளேடு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே போகணும், நடுவுல வெளிச்சம் கோடா தெரியக்கூடாது.

மெல்லிசான பேப்பர் துண்டு ஒண்ண உள்ள விட்டு வெட்டிப் பாக்க கடைக்காரர்கிட்ட கேளுங்க, நல்ல கடைல குடுப்பாங்க. ஓரம் சுத்தமா வந்தா சரி, மடிஞ்சு உள்ள போய் மாட்டிக்கிட்டா அந்த கட்டர் சிகார் இலையையும் அதையேதான் பண்ணும். விரல் போடற இடமும் முக்கியம், உங்க கட்டைவிரலும் நடுவிரலும் தாராளமா போகணும், இல்லன்னா அழுத்தம் முழுசா வராம பாதில நிக்கும், பாதில நின்ன வெட்டுதான் இருக்கறதிலயே மோசம்.

பிராண்டுன்னு பாத்தா 1996-ல அமெரிக்கால கன்சாஸ் சிட்டில ஆரம்பிச்ச ஜிகார் நிறைய பேர் வச்சிருக்கறது, அந்த நீர்த்துளி வடிவ கட்டர் ஒரு கைல அடக்கமா இருக்கும், ஆயுள் வாரண்டிக்காகவே வாங்கறவங்க இருக்காங்க. எஸ்.டி. டூபான் பிரெஞ்சு கம்பெனி, 1872-ல இருந்து இருக்காங்க, அழகு, பளபளப்பு, அதுக்கேத்த விலை. கியூபா சிகாருக்கே பேர் போன கோஹிபா லேபிள் ஒட்டின மலிவு கட்டர் ஆன்லைன்ல மலையா கிடக்கு, பெரும்பாலும் போலி, லேபிளுக்கு காசு குடுக்காதீங்க. என் கருத்து என்னன்னா, நடுத்தர விலைல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெட்டை பிளேடு ஒண்ணு, கூடவே சாவிக்கொத்துல ஒரு பஞ்ச், இது ரெண்டும் இருந்தா உங்ககிட்ட வர்ற சிகார் எல்லாத்தையும் சமாளிச்சிடலாம். வி-கட் அப்புறமா, நல்லதா, காசு சேத்து வாங்குங்க.

இப்ப வெட்டுவோம்

முதல்ல சிகார் வெட்டற நிலையில இருக்கான்னு பாருங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு லேசா அழுத்தினா கொஞ்சம் அமுங்கி திரும்ப எழும்பணும். மொறுமொறுன்னு சத்தம் கேட்டா காஞ்சுபோச்சு, இப்ப எந்த கட்டரால வெட்டினாலும் தொப்பில இருந்து கீழ வரைக்கும் விரிசல் ஓடும். 65 சதவீதமோ 69 சதவீதமோ உள்ள ஈரப்பத பாக்கெட் போட்ட டப்பால சில வாரம் வச்சுட்டு எடுங்க, அவசரப்பட்டு தண்ணி தெளிக்காதீங்க. டப்பாவே இல்ல, இப்பவே குடிச்சாகணும்னா தலைய மட்டும் உதட்டு ஈரத்துல லேசா நனைச்சு அரை நிமிஷம் விட்டு வெட்டினா இலை கொஞ்சம் வளையும். இது உங்க சொந்த கட்டருக்கு மட்டும். கடையோட கட்டர், நண்பரோட கட்டர்னா வாயில வச்ச சிகார அதுக்குள்ள விடவே விடாதீங்க, வாங்கினதும் வெட்டிட்டு அப்புறம் வாயில வைங்க.

பேப்பர் வளையத்த இப்ப கழட்ட வேணாம், சிலசமயம் பசை இலையோட ஒட்டியிருக்கும், குடிக்கும்போது சூட்டுல தானா இளகும்.

அடுத்து தொப்பிக் கோட்ட கண்டுபிடிங்க, மேல சொன்ன மாதிரி வெளிச்சத்துல திருப்பிப் பாத்து. கட்டர எழுதற கைல பிடிங்க, சிகார மத்த கைல, தலைக்கு ரொம்ப கிட்டக்க பிடிச்சுக்கணும், தூரத்துல காலுப்பக்கம் பிடிச்சா வெட்டும்போது ஆடும். கட்டர திறந்து தலைய ஓட்டைக்குள்ள விட்டு, பிளேட மெதுவா மூடிக்கிட்டே வந்து ரெண்டு பிளேடும் இலைய தொட்டும் தொடாம இருக்கற இடத்துல நிறுத்துங்க. இங்க ஒரு நொடி நிக்கறதுதான் மொத்த வேலையும். பிளேடு எந்த உயரத்துல உக்காந்திருக்கு, கோட்டுக்கு மேலயா, நேரா இருக்கா சாஞ்சிருக்கான்னு பக்கத்துல இருந்து கண்ண கொண்டுபோய் பாருங்க. சிகார ஒரு கால் சுத்து சுத்தினா பிளேடு எல்லா பக்கமும் ஒரே மாதிரி உரசுதான்னு கைக்கே தெரியும்.

சரியா இருந்தா டக்குன்னு ஒரே அழுத்தா அழுத்துங்க. தயங்கித் தயங்கி அழுத்தினா பிளேடு வெட்டறதுக்கு பதிலா இலைய தள்ளும். நல்ல கட்டரா இருந்தா கிளிக்னு ஒரு சத்தம், ஒரு சின்ன வட்டத் துண்டு உங்க கைல விழும். அந்த துண்ட கீழ போட்டுடாம வச்சுக்கங்க, எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

கைல பிடிச்சு வெட்ட நம்பிக்கை வரலன்னா ஒரு எளிய வழி இருக்கு. கட்டர திறந்து தட்டையா மேஜை மேல வைங்க. சிகார தலைகீழா, தலை மேஜைய தொடற மாதிரி நேரா ஓட்டைக்குள்ள இறக்குங்க. அப்படியே கட்டர அழுத்துங்க. கட்டரோட உடம்பு தடிமன்ல பிளேடு மேஜைக்கு மேல ரெண்டு மூணு மி.மீ உயரத்துல இருக்கும், அதனால அதுக்கு மேல வெட்ட முடியாது. உருண்டைத் தலை சிகாருக்கு இது ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் சரியா வரும். ரொம்ப குண்டான கட்டரா இருந்தா முதல்ல ஒரு ஸ்கேல வச்சு பிளேடு உயரத்த அளந்துக்கங்க.

வெட்டினதும் தலைய லேசா தட்டி தூள உதறிடுங்க, ஊதாதீங்க. இப்ப பத்தவைக்காமயே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. லேசான தடையோட, வைக்கோல், மரவாசனை மாதிரி ஒண்ணு வாயில வரணும். சுத்தமா வரலன்னா இன்னும் அரை மி.மீ, ஒரு மி.மீ சீவலாம். வெட்டினத திரும்ப ஒட்ட முடியாது, அதனால முதல்லயே பெருசா வெட்டாம கொஞ்சமா ஆரம்பிச்சு இழுத்துப் பாத்துப் பாத்து கூட்டறதுதான் வழி.

பஞ்ச்ல வேலை இன்னும் சுலபம். முனைய தலையோட நட்டநடுவுல வச்சு, அழுத்தறத விட திருகறதுதான் அதிகமா இருக்கணும், திருகிக்கிட்டே லேசா உள்ள விடுங்க, 3 மி.மீ போனா போதும். திருகிக்கிட்டே வெளிய எடுங்க. குத்தி நேரா அழுத்தினா தலை நசுங்கி ஓரத்துல வெடிக்கும். குழாய்க்குள்ள மாட்டின இலைய ஒவ்வொரு தடவையும் தள்ளி எடுத்துடுங்க. வி-கட்ல சிகார முழுசா, தலை குழில போய் முட்டி உக்காற வரைக்கும் தள்ளி, ஆடாம பிடிச்சுக்கிட்டு ஒரே அழுத்து. பாதி தள்ளி வெட்டினா வாய்க்கால் ஒரு பக்கமா ஓடிடும்.

வடிவம் மாறினா

டார்பீடோ, பிரமிட்னு சொல்ற கூர்தலை சிகாருக்கு நல்ல உதாரணம் மாண்டெக்ரிஸ்டோ நம்பர் 2, 52 ரிங், 156 மி.மீ நீளம். இதுல ஓட்டையோட அளவு நம்ம கைல இருக்கு, நுனில வெட்டினா சின்னது, கீழ வர வர பெருசு. நுனில இருந்து 3, 4 மி.மீ வெட்டி இழுத்துப் பாருங்க, போதலன்னா இன்னும் ஒரு மி.மீ. ஒரே வெட்டுல தடிச்ச இடத்துக்கு போயிட்டா அந்த கூர்தலைக்கு குடுத்த காசே வீண், புகைய குவிச்சு தர்றதுதான் அந்த வடிவத்தோட வேலையே. சாய்வா வெட்டறவங்களும் இருக்காங்க, வாய்க்கு ஒரு பக்கம் வசதியா இருக்கும், ஆனா நேரா வெட்டி பழகிட்டு அப்புறம் முயற்சி பண்ணுங்க.

கோஹிபா லான்செரோ, பெஹிகே, டிரினிடாட் மாதிரி சிலதுல தலை நுனில இலைய திருகி ஒரு குட்டி வால் விட்டிருப்பாங்க. அத முறுக்கி இழுத்தா சிலசமயம் தொப்பி நுனியோட வந்துடும், ஆனா நம்பி இழுக்காதீங்க, இலையையும் சேத்து உரிச்சுட்டு வரும். சாதாரணமா கட்டர்ல வெட்டறதே நல்லது, வால் அளவுல சேராது, அதுக்கு கீழ இருக்கற தலைய வச்சுத்தான் 2 மி.மீ கணக்கு. ரெண்டு பக்கமும் குறுகின பெர்ஃபெக்டோ வகைல தலைப்பக்கம் மட்டும் வெட்டுங்க, கால்ல கை வைக்காதீங்க, பத்தவச்சா தானா விரிஞ்சுக்கும்.

இத்தாலில டோஸ்கானோன்னு ஒண்ணு இருக்கு, நடுவுல தடிச்சு ரெண்டு பக்கமும் குறுகி கரடுமுரடா இருக்கும். அதுல தொப்பியே கிடையாது. அப்படியேயும் குடிப்பாங்க, நட்டநடுவுல ரெண்டா வெட்டி பாதி பாதியாவும் குடிப்பாங்க, அதுக்குன்னே கட்டரும் விக்கறாங்க. மெஷின்ல செஞ்ச மலிவு சிகார் நிறையத்துல தலைல ஏற்கனவே துளை போட்டிருக்கும், அத பாக்காம திரும்ப வெட்டிடாதீங்க.

வெட்டு சொதப்பிடுச்சுன்னா

அதிகமா வெட்டி மேல் இலை பிரிய ஆரம்பிச்சா உடனே சிகார வீச வேணாம். நான் வச்சுக்க சொன்ன அந்த சின்ன தொப்பித் துண்டு இப்ப உதவும். பழத்துல இருந்து எடுக்கற பெக்டின் பொடிய ரெண்டு சொட்டு தண்ணில குழைச்சா நிறமும் வாசனையும் இல்லாத பசை கிடைக்கும், விரல் நுனில தொட்டு பிரிஞ்ச ஓரத்துல தடவி, இலை சுத்தின திசையிலயே இழுத்து ஒட்டி ஒரு நிமிஷம் பிடிங்க. கிழிஞ்ச இடம் பெருசுன்னா தொப்பித் துண்ட லேசா ஈரமாக்கி ஒட்டுப்போட்டுடலாம். ஃபெவிகால், ஃபெவிக்விக் பக்கமே போகாதீங்க, அது வாயில வைக்கற இடம். பசை எதுவும் இல்லன்னா பேப்பர் வளையத்த மெதுவா தலைப்பக்கம் நகத்தி பிரியற இடத்த பிடிச்சு வைக்கலாம்.

இழுக்க வரலன்னா முதல்ல இன்னும் ஒரு மி.மீ சீவிப் பாருங்க, தொப்பிக் கோடு தாண்டாம. அப்பவும் வரலன்னா இறுகின இடம் நடுவுல இருக்கு, விரலால தடவினா ஒரு முடிச்சு மாதிரி தட்டும், அத லேசா உருட்டி உருட்டி பிசைஞ்சா இளகும். அதுக்குன்னே மெல்லிசான முள்ளு வச்ச கம்பி விக்கறாங்க, உள்ள விட்டு எடுத்தா கொஞ்சம் இலை வெளிய வந்து வழி கிடைக்கும். பஞ்ச் போட்ட சிகார் பாதில கசக்க ஆரம்பிச்சா அதே துளை மேல கில்லட்டின போட்டு நேர்வெட்டா மாத்திடுங்க, தார் சேந்த பகுதி போயிடும், அடுத்த இழுப்புலயே வித்தியாசம் தெரியும். கடைசி வரைக்கும் வாயில தூள் வந்துக்கிட்டே இருந்தா அது பிளேடு மழுங்கினதோட அறிகுறி, வெட்டின முகத்த பாருங்க, வழவழன்னு இல்லாம நார் நாரா நிக்கும்.

பராமரிப்பு

புகையிலைல எண்ணெய் இருக்கு, வெட்டற ஒவ்வொரு தடவையும் பிளேடுல மெல்லிசா ஒட்டும், நாளாக நாளாக பழுப்பா பிசின் மாதிரி ஆயிடும். நிறைய பேர் பிளேடு மழுங்கிடுச்சுன்னு கட்டர மாத்தறாங்க, துடைச்சுப் பாத்தா பாதி பிரச்சனை இதுதான். வெட்டினதும் மெல்லிசான துணியால ஒரு துடை, மாசத்துக்கு ஒரு தடவை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால பஞ்சு குச்சில தொட்டு பிளேடு, அது ஓடற பள்ளம் ரெண்டையும் துடைச்சு நல்லா காய விடுங்க. தேவைப்பட்டா உணவுத்தரமான மினரல் ஆயில் ஒரு சொட்டு பள்ளத்துல விட்டு நாலு தடவை திறந்து மூடி, மிச்சத்த துடைச்சிடுங்க. தேங்காயெண்ணெய், சமையல் எண்ணெய் எல்லாம் வேணாம், கொஞ்ச நாள்ல சிக்கு வாடை வரும், அது நேரா உங்க அடுத்த சிகார்ல ஏறும்.

அலுமினியம் ஃபாயில வெட்டினா கூர்மையாகும்னு ஒரு யோசனை சுத்துது. ஒட்டியிருக்கற பிசின் கொஞ்சம் போகும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க, சாணை பிடிச்ச மாதிரி ஆகாது. கில்லட்டின் பிளேட வீட்டுல சாணை பிடிக்க முயற்சியும் பண்ணாதீங்க, ரெண்டு பிளேடும் உரசற கோணம் மாறினா நடுவுல இடைவெளி விழுந்துடும். வாரண்டி இருந்தா அனுப்புங்க, இல்லன்னா புதுசுதான். ஒயர் வெட்ட, பிளாஸ்டிக் டேக் வெட்டன்னு கட்டர எடுக்கவே கூடாது, ஒரு தடவை பிளேடுல பல்லு விழுந்தா அந்த பல்லு ஒவ்வொரு சிகார்லயும் ஒரு கோடு கிழிக்கும்.

விமானத்துல போறப்ப கட்டர செக்-இன் பெட்டில போட்டுடுங்க, கைப்பைல வச்சு சோதனைல பிடுங்கிட்டா திரும்ப வராது. வீட்டுல குழந்தைங்க இருந்தா பூட்டற டிராயர்ல வைங்க, ஓட்டைய பாத்தா விரல விடத் தோணும், அதுக்குள்ள இருக்கறது ரெண்டு பிளேடு. சிகார் வைக்கற ஈரப்பத டப்பாக்குள்ளயும் கட்டர போட்டு வைக்காதீங்க, அந்த ஈரத்துல ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும், துரு வாடை சிகார் இலைல ஏறும், தனியா ஒரு சின்ன துணிப்பைல போட்டு வெளிய வச்சுக்கங்க.